அம்மா ஏற மறுத்த கார்... இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கும் ஸ்ரீபெரும்புதூர் சாலையும்!

பூந்தமல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் வீசும் காற்றை வாங்கிக்கொண்டு பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்பாகவே வந்துவிடுகிறது இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கும் ஊர் என்றால் பலருக்குச் சட்டென்று தெரியும். பளபளக்கும் புதுக் கார்களைச் சுமந்த டிரெய்லர் லாரிகள், ஷிஃப்ட் பஸ்கள், டீக்கடை வாசலில் யூனிஃபார்மோடு நிற்கும் இளைஞர்கள் என்று எந்த நேரமும் பரபரப்பாக இருக்கும் ஊர் இது.

ரேஸ் நடக்கும் நாள்களில் மட்டும் இங்கே வேறு ஒரு சத்தம் கேட்கும். லாரி ஹாரனையும் மீறி, துணியைக் கிழிப்பதுபோல நீளமாக இழுக்கும் இன்ஜின் சத்தம். 'என்னப்பா அது?' என்று புதிதாக வருபவர்கள் கேட்டால், உள்ளூர்க்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வார்கள்: ''ட்ராக்குல ரேஸு!''

ஒரே ஊருக்குள் இரண்டு விதமான சாலைகள். ஒன்று, கோயிலுக்கும் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஊரே போகிற சாலை. இன்னொன்று, எங்கேயும் போகாமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் சாலை. இந்த இரண்டுக்கும் ஒரே காரைத் தயார் செய்ய முடியுமா?

போரூரைச் சேர்ந்த ஓர் ஐ.டி ஊழியர், முடியும் என்றுதான் நம்பினார். அவருடைய அம்மா அந்தக் காரில் ஏற மாட்டேன் என்று சொல்லும்வரை!

சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு

சென்னைக்கும் ரேஸுக்கும் உள்ள உறவு இந்த ட்ராக்கைவிடப் பழையது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்ட ஆண்டு 1953. அன்றைக்கு ரேஸ் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலகப்போர் காலத்தில் போடப்பட்ட விமான ஓடுதளம், போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. அதில்தான் கார்களும் பைக்குகளும் சீறின. சோழவரம் ரேஸுக்கு டிபன் கேரியரோடு குடும்பமாகப் போன கதையை, சென்னையின் பழைய வீடுகளில் தாத்தாக்கள் இன்றும் சொல்வார்கள்.

ஓடுதளம் என்பது விமானத்துக்காகப் போட்டது. கார் ரேஸுக்கென்று ஒரு இடம் வேண்டாமா? கிளப் தனக்கென இருங்காட்டுக்கோட்டையில் ட்ராக் அமைத்தது. 1990-ல் அது திறக்கப்பட்டது. சுற்றளவு 3.7 கிலோமீட்டர். மொத்தம் 12 வளைவுகள். எம்.எம்.ஆர்.டி என்று நீண்ட காலம் அழைக்கப்பட்ட இந்த இடத்துக்கு இப்போது 'மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்' என்று பெயர். உள்ளே வளைவுகளுக்குப் பெயரெல்லாம் கிடையாது. சி1, சி2 என்று எண்தான்.

ரேஸ் இல்லாத நாள்கள் சிலவற்றில், சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்க 'ட்ராக் டே' நடப்பதுண்டு. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பயிற்சியாளர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, எதிரே லாரி வருமோ, குறுக்கே மாடு வருமோ என்ற பயமே இல்லாமல் ஓட்டலாம். அப்படி ஒரு நாள்தான் அந்த இளைஞரை மாற்றியது.

சி1-ல் பிடித்த ஆசை

அவருடையது சாதாரண ஹேட்ச்பேக். முதல் ட்ராக் டேயில் கார் வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூட வந்த நண்பர்களின் தாழ்வான, விறைப்பான கார்கள் தட்டையாகத் திரும்பின. அடுத்த மாதமே, காரை 3 சென்டிமீட்டர் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங், அதற்கேற்ற இறுக்கமான ஷாக் அப்சார்பர் எல்லாம் மாட்டிவிட்டார். முன்சக்கரங்களின் தலைப்பகுதி உள்பக்கமாகச் சாயும்படி கேம்பரும் மாற்றப்பட்டது. அடுத்த ட்ராக் டேயில் கார் பிரமாதமாகத் திரும்பியது.

பிரச்னை ட்ராக்கின் கேட்டுக்கு வெளியே காத்திருந்தது.

அவருடைய அம்மா, மாதம்தோறும் திருவாதிரை நட்சத்திரத்தன்று ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர். ராமாநுஜர் அவதரித்த தலம். அவருடைய நட்சத்திரம் திருவாதிரை. ரேஸ் ட்ராக்கும் கோயிலும் ஒரே நெடுஞ்சாலையில்தான் இருக்கின்றன. புது சஸ்பென்ஷனோடு மகன் அழைத்துப்போன முதல் பயணத்திலேயே, முதுகு வலிக்காரரான அம்மா ஒவ்வொரு பள்ளத்துக்கும் ''அம்மாடி'' என்றார். கோயில் தெருவுக்குத் திரும்பும் வழியில் ஒரு வேகத்தடை. கார் அடியில் 'கர்ர்ர்' என்று தேய்த்துக்கொண்டு இறங்கியது. மடியில் இருந்த பூக்கூடை கீழே போனது.

அடுத்த மாதம் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: ''நீ முன்னாடி போப்பா, நான் பஸ்ஸுலயே வந்துடுறேன்.''

அதையாவது அம்மாவின் முதுகு வலிக் கணக்கில் எழுதிவிடலாம். ஆனால், ஒரு மழைநாள் மாலை நடந்ததை எழுத முடியவில்லை. குண்டும் குழியுமான சர்வீஸ் சாலையில், முன்னால் போன ஷேர் ஆட்டோ திடீரென்று நிற்க, இவரும் பிரேக்கை மிதித்தார். கார் நிற்பதற்குப் பதில் தத்தித் தத்திப் போனது. ஏ.பி.எஸ் படபடவென்று அடித்தது. ஆட்டோவுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. ஆட்டோவின் பின் சீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

ட்ராக்கில் அவ்வளவு அழகாகப் பிடித்த கார், இங்கே ஏன் பிடிக்கவில்லை?

வில்வண்டி சொல்லும் பாடம்

மறுநாள் அவர் காரை நிறுத்தியது, ரேஸ் கார்களுக்கும் வேலை பார்த்த ஒரு மெக்கானிக்கிடம். விஷயத்தைக் கேட்டதும் மெக்கானிக் சிரித்தார். ''தம்பி, அந்தக் காலத்துல மாட்டுவண்டின்னு ஒண்ணு, வில்வண்டின்னு ஒண்ணு இருந்துச்சே, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?''

''வில்வண்டில ஸ்பிரிங் இருக்கும்ணே.''

''அதேதான். சக்கரம் மட்டும் குதிக்கணும், உட்கார்ந்திருக்கிறவன் குதிக்கக் கூடாது. நீங்க வில்வண்டியை மறுபடி மாட்டுவண்டியா மாத்திட்டீங்க!''

சஸ்பென்ஷனின் முதல் வேலை சொகுசு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய வேலை, டயரைத் தரையோடு ஒட்டவைப்பது. தரையைத் தொடாத டயரால் பிரேக்கும் பிடிக்க முடியாது, திரும்பவும் முடியாது. பள்ளம் வந்தால் சக்கரம் உடனே கீழே இறங்க வேண்டும். மேடு வந்தால் உடனே மேலே ஏற வேண்டும். இதைச் செய்ய ஸ்பிரிங் இளகிக் கொடுக்க வேண்டும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் கார் தொட்டில்போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை ஒன்றிரண்டு அசைவில் அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை.

சாதாரணக் கார் ஒன்றின் உடல், ஸ்பிரிங்கின் மேல் ஒரு விநாடிக்கு சுமார் ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடும்படி வடிவமைக்கப்படுகிறது. மனிதர்கள் நடக்கும் தாளத்துக்கு ஏறக்குறைய நெருக்கமான வேகம் இது, உடம்புக்குப் பழக்கமானது. ட்ராக்குக்கென்று தயாராகும் கார்களில் இது இரண்டு, இரண்டரை என்று ஏறும். இறக்கைகள் வைத்து காற்றால் தரையோடு அழுத்தப்படும் ரேஸ் கார்களில் இன்னும் அதிகம். மேடு பள்ளமில்லாத ட்ராக்கில் சக்கரம் அதிகம் ஏறி இறங்கத் தேவையில்லை. அதனால் அங்கே விறைப்பு லாபம். டிரைவர் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் உடனே கீழ்ப்படியும்.

அதே விறைப்போடு குண்டும் குழியுமான சாலைக்கு வந்தால், டயர் பள்ளத்துக்குள் இறங்குவதற்குள் கார் அதைத் தாண்டிவிடுகிறது. அந்த ஒரு கணம் டயர் காற்றில் இருக்கிறது. அந்த நேரத்தில் பிரேக் மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளப் பார்க்கும், ஏ.பி.எஸ் பிரேக்கைத் தளர்த்தும். கார் நிற்கும் தூரம் கூடும். அந்த மழைநாளில் நடந்தது இதுதான்.

'தட்டையாகத் திரும்பினால் பிடிப்பு அதிகம்' - உண்மையா?

இளைஞரின் அடுத்த கேள்வி அதுதான். மெக்கானிக் ஒரு சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே கணக்குப் போட்டார்.

டிரைவரோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார். புவியீர்ப்பில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு ஒரு வளைவில் திரும்புகிறது. காரின் எடை மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.45 மீட்டர். அப்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் எடை, சுமார் 300 கிலோ. ஆளுக்கு 500 கிலோ சுமந்துகொண்டிருந்த இரண்டு பக்கங்களில், ஒரு பக்கம் 800, மறுபக்கம் 200.

இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்கே வருகிறது? எங்கேயும் இல்லை! எடை, உயரம், அகலம், திரும்பும் விசை. இவ்வளவுதான். ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் கார் சாய்வது குறையும். எடை மாறுவது கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். 3 சென்டிமீட்டர் தாழ்த்தினால் எடை மையமும் அதே அளவு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும், மிச்சமாவது 16 கிலோதான்.

சாய்வு குறைந்தால் பலன் இல்லையா? உண்டு. சாயும்போது சக்கரத்தின் கோணம் மாறி, டயர் ஓரத்தில் மட்டும் தரையைத் தொடும். சாய்வு குறைந்தால் டயர் முழு அகலத்துக்கும் படியும். ரேஸ் கார்களில் சக்கரத்தின் மேல்பகுதியை இரண்டு, மூன்று டிகிரி உள்ளே சாய்த்து வைப்பதும் இதற்காகத்தான். வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க டயர் நேராகி முழுதாகப் படியும். ஆனால், சாலையில் நேராகவே பல கிலோமீட்டர் ஓடும் காருக்கு அந்தக் கோணம் பகை. டயரின் உள் ஓரம் மட்டும் தேயும். வெளியே பார்த்தால் டயர் புதுசுபோல இருக்கும். உள்ளே கம்பி தெரியும்.

அளவுக்கு மீறித் தாழ்த்துவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான சின்னக் கார்களில் முன்பக்கம் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். காரைத் தாழ்த்தினால் அந்தக் கை மேல்நோக்கித் திரும்பிவிடும். சாய்வைத் தடுக்கும் வடிவமைப்பே அதனால் பலவீனமாகும். போதாததற்கு, ஷாக் அப்சார்பர் ஏறி இறங்க வேண்டிய தூரமும் குறைந்து, கொஞ்சம் பெரிய பள்ளத்திலேயே ரப்பர் தடுப்பில் போய் 'டங்' என்று முட்டும். முட்டிய அந்த நொடி, காருக்கு சஸ்பென்ஷனே இல்லை.

3.7 மீட்டரும் 3.7 கிலோமீட்டரும்

ட்ராக்கின் சுற்றளவு 3.7 கிலோமீட்டர். வேடிக்கை என்னவென்றால், இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதலில் பொதுப் போக்குவரத்துக்கான வேகத்தடையின் அகலமும் 3.7 மீட்டர்தான்! உயரம் 10 சென்டிமீட்டர். 17 மீட்டர் ஆரமுள்ள ஒரு பெரிய வட்டத்தின் துண்டுபோல, மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வசதியான அளவு அது. முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும், மேலே பெயின்ட் கோடுகளும் இருக்க வேண்டும்.

அப்படிக் கட்டிய வேகத்தடையில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இரண்டரை மீட்டர் உள்ள ஒரு காருக்கு, அடியில் 5 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலே போதும். ஆனால், தெருவுக்குத் தெரு முளைக்கும் வேகத்தடைகள் பல, ஒரு பனைமரத்தைக் குறுக்கே போட்டதுபோலத்தான் இருக்கின்றன. குறுகலாக, செங்குத்தாக. அங்கே 16 சென்டிமீட்டர் உயரமுள்ள கார்கூட, ஐந்து பேரும் லக்கேஜும் ஏறினால் அடி இடிக்கும். அதில் 3 சென்டிமீட்டரைக் குறைத்துவிட்டுப் போனால்?

இந்தியச் சாலைகளுக்காகத் தயாரிக்கப்படும் கார்களின் உயரமும் இளக்கமும் இதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் முடிவாகின்றன. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்திலேயே ஒரகடத்தில், வாகனங்களைச் சோதிப்பதற்கான ஜி.ஏ.ஆர்.சி மையம் இருக்கிறது. கார் செய்யும் தொழிற்சாலை, சோதிக்கும் மையம், ரேஸ் ட்ராக், இவை எல்லாவற்றையும் சோதித்துவிடும் சாலை... நான்கும் ஒரே வட்டாரத்தில்!

சாலையே ட்ராக் ஆன இரவு

சாலையும் ட்ராக்கும் ஒன்றாகவே ஆனதும் சென்னையில் நடந்தது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம். கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று தினமும் பஸ் ஓடும் இடங்கள்தான் 3.5 கிலோமீட்டர் ட்ராக் ஆகின.

அதற்காக அந்தச் சாலைகளைச் செப்பனிட்டு, இரண்டு பக்கமும் தடுப்புச் சுவர் வைக்க வேண்டியிருந்தது. உலகம் முழுக்கத் தெருவில் நடக்கும் பந்தயங்களில், வழக்கமான ட்ராக்கைவிடக் காரைச் சற்று உயர்த்தி, சற்று இளக்கித்தான் ஓட்டுவார்கள். ரேஸ் ஓட்டுபவர்களே சாலைக்கு வந்தால் இறங்கி வருகிறார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ஒரே காரை இரண்டுக்கும் பயன்படுத்த முடியுமா?

''முடியும். ஆனா முதல் இடம் எதுக்குன்னு நீங்க முடிவு பண்ணணும் தம்பி'' என்றார் மெக்கானிக். ''மாசத்துல ஒரு நாள் ட்ராக்குல ஓட்டுறீங்க. மிச்ச 29 நாள் எங்க ஓட்டுறீங்க?''

அவர் சொன்ன யோசனைகள், ட்ராக் டே ஆசையுள்ள எல்லோருக்கும் பொருந்தும்.

* ஸ்பிரிங், உயரம்: கம்பெனி கொடுத்ததே இருக்கட்டும். தேய்ந்த ஷாக் அப்சார்பரையும் ரப்பர் புஷ்களையும் மாற்றினாலே பாதி வித்தியாசம் தெரியும்.

* டயர்: அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். நல்ல டயர், மழையிலும் சாலையிலும் ட்ராக்கிலும் ஒருசேரப் பலன் தரும்.

* காற்று: டயரின் வெப்பம் 10 டிகிரி கூடினால், காற்றழுத்தம் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ ஏறும். ட்ராக்கில் சில சுற்றுகளிலேயே 33 என்பது 39-ஐத் தொடலாம். அதனால் அங்கே சூடாக இருக்கும்போது காற்றைக் கொஞ்சம் இறக்குவார்கள். பலர் மறப்பது அடுத்த வேலையை. டயர் ஆறியதும் அழுத்தம் தேவைக்கும் கீழே போயிருக்கும். நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன் மறுபடி காற்றடிக்க வேண்டும். சரியான அளவு, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது.

* பிரேக்: பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றிவிட்டுப் போக வேண்டும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் சேர்ந்த பழைய ஆயிலில் அந்த வரம்பு 155 டிகிரிக்கே இறங்கிவிடலாம். கொதித்தால் பெடல் 'பொசுக்' என்று உள்ளே போய்விடும்.

* அலைன்மென்ட்: ட்ராக்குக்கு மாற்றினால், திரும்பியதும் பழைய அளவுக்கு வைக்க வேண்டும். இரண்டு செட் எண்களையும் எழுதி, டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளலாம்.

* சட்டம்: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி, ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்த திருவாதிரை

குட்டை ஸ்பிரிங்குகள் இப்போது அந்த இளைஞரின் வீட்டு மாடிப்படிக்கு அடியில், பழைய பேப்பருக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. விற்க மனசு வரவில்லையாம். காரில் மறுபடி கம்பெனி ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், கொஞ்சம் விலை கூடிய டயர். ட்ராக் டே போவதை அவர் விடவில்லை. கார் முன்புபோலவே கொஞ்சம் சாய்கிறது. சாய்கிற காரை எப்படி நிதானமாக வளைவுக்குள் கொண்டுபோவது என்று கற்றுக்கொண்டதில், பழைய விறைப்பான காரில் ஓட்டியதைவிட ஒரு சுற்றுக்கு அரை விநாடிதான் குறைவு என்கிறார்.

அடுத்த திருவாதிரைக்கு அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் காரில் ஏற்றினார். பூந்தமல்லி தாண்டும்வரை அம்மா கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். செம்பரம்பாக்கத்தில் ஒரு கையை எடுத்தார். கோயில் தெருவின் அந்த வேகத்தடை வந்தபோது மகன்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கார் ஏறி, இறங்கியது. சத்தம் எதுவும் வரவில்லை. பூக்கூடை மடியிலேயே இருந்தது.

தரிசனம் முடிந்து திரும்பும்போது, இருங்காட்டுக்கோட்டை அருகே அந்த நீளமான இன்ஜின் சத்தம் கேட்டது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினார்.

''இங்கதான் நீ ஓட்டுறியா?''

''ஆமாம்மா.''

''ஒருநாள் கூட்டிட்டுப் போ. வெளியில நின்னு பார்க்குறேன்'' என்றார் அம்மா. கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்றும் சொன்னார்: ''அங்க எப்படி வேணா ஓட்டுப்பா. இங்க இப்படியே ஓட்டு.''